தீட்டு இல்லாத மருமகள்

கனகராஜைப் பற்றி முகநூலில் எழுதப்பட்டவை ஏராளம். பாதியை அவரே எழுதினார். மீதியை அவரைத் திட்டுகிறவர்கள் எழுதினார்கள். வேலை வெட்டி இல்லாதவன் என்பதால் இரண்டையும் உட்கார்ந்து படித்தவன் நான். இரண்டிலும் கனகராஜ் இல்லை.

நிஜக் கனகராஜ் ஈப்போவில், புந்தோங்கில், எனக்குப் பக்கத்து வீடு. ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வீட்டுக்குள் பாம்பு வந்தால் என்னைக் கூப்பிடுவார். யாராவது அவர் கேட்டை மறித்து வண்டியை நிறுத்திவிட்டால் ஹார்ன் அடிக்கக் கூச்சப்பட்டு, வண்டிக்காரர் வருகிற வரைக்கும் தெருவில் நின்றுகொண்டிருப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் கையில் போன் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். வீட்டுக்குள் கத்தக் கூடாது என்று மனைவி புஷ்பலதா சொல்லிவிட்டதால், வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு முகநூலில் நேரலை பேசுவார். கார் நகராது. சண்டை மட்டும் ஓடும்.

எல்லாம் எங்கள் தொகுதி ஒய்பிக்காக. சட்டமன்ற உறுப்பினரை இங்கே எல்லாரும் ஒய்பி என்றுதான் சொல்வோம். கனகராஜின் அம்மா வீரம்மா இறந்தபோது ஒய்பி துக்கத்துக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகாமல், சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாடைக்குத் தோள் கொடுத்தார். அன்றைக்கு அவர் காலில் விழுந்த கனகராஜ் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நன்றி நல்ல குணம்தான். ஆனால் மனிதருக்கு அதில் ஓர் அளவு வேண்டும்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் இரட்டைக் கிணற்றுத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், நிலத்தை ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், வீடு கட்டி விற்பதற்காக வாங்கினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து வேலை செய்தவர்களுக்கு, அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் வீட்டு நிலம் தருவதாகப் பேச்சு. அந்தப் பேச்சை நடத்திக் கொடுத்தவர் ஒய்பி. கடைசியில் கோயிலுக்கு மட்டும் இடம் கிடைத்தது. வீட்டு நிலம் காணாமல் போயிற்று. சனங்கள் கூச்சல் போட்டதில் விசாரணைக் குழு ஒன்று உட்கார்ந்தது.

நிலப் பத்திரம் கையெழுத்தாகும் வரை அந்தத் தவுக்கேயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று ஒய்பி குழுவின் முன் சொன்னார். அதற்கு ஒரே ஒரு மறுப்புதான் வந்தது. சரளா என்ற பெண், தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர், முன்னால் அதே தோட்டத்து லயத்தில் இருந்தவர், எழுந்து நின்று சாட்சி சொன்னார். பத்திரம் போடுவதற்கு வெகு காலம் முன்பு, மாரியம்மன் கோயில் திருவிழா அன்றைக்கு, அன்னதானக் கொட்டகையில் ஒய்பியும் தவுக்கேயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் மோர் ஊற்றியது தான்தான். "கோயிலை விட்டுடுங்க, லயத்துப் பக்கம் நான் பேசிக்கறேன்" என்று ஒய்பி சொன்னதைத் தன் காதால் கேட்டதாகவும் சொன்னார்.

கொட்டகையில் அன்றைக்கு வேறு யாரும் பக்கத்தில் இல்லை. ஆக, சரளாவின் வார்த்தை நின்றால் லயத்து சனங்களுக்கு நிலம் கிடைக்க வழி உண்டு. விழுந்தால் இல்லை.

விசாரணையை நேரலையில் காட்டியது பெரிய தப்பு. சரளா உட்காருவதற்குள் இணையம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு அவர் வீரத் தாய். இன்னொரு பக்கத்துக்குக் கூலிக்குப் பேசுகிறவள். மோர் ஊற்றும்போது காது எப்படிக் கேட்கும் என்று ஒருவர். கேட்கும் என்று நிரூபிக்க மனைவியை மோர் ஊற்றச் சொல்லி வீடியோ எடுத்துப் போட்டார் இன்னொருவர். தோட்டத்தை வரைபடத்தில்கூடப் பார்க்காதவர்கள் கொட்டகைக்கும் கோயிலுக்கும் எத்தனை தூரம் என்று அடித்துக்கொண்டார்கள். நிலத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

அப்போதுதான் கனகராஜ் காருக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார்.

"வணக்கம். இந்தச் சரளா யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்லா. என் அண்ணன் தேவனோட சம்சாரம். எனக்கு அண்ணி. அந்த வருஷம் திருவிழாவுக்கு முந்திதான் எங்கம்மா தவறிட்டாங்க. கருமாதிகூட முடியல. நாங்க குடும்பமே கோயில் பக்கம் தலவெச்சுப் படுக்கல. மாமியா செத்த தீட்டோட மருமக எப்படிக் கோயிலுக்குள்ள போயி அன்னதானத்துக்கு மோர் ஊத்துச்சு? ஒண்ணு, இவங்க போகவே இல்ல, சொல்றது பொய். இல்ல, தீட்டோட போயி கோயிலையே அசுத்தம் பண்ணிட்டாங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

கெட்டிக்காரத்தனமான வீடியோ. எந்தப் பக்கம் திரும்பினாலும் சரளாவுக்கு அடி. ஒய்பி ஆட்களின் இணையப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி அதை வெட்டி, ஒட்டி, பின்னால் உறுமி மேளம் சேர்த்து ஊரெல்லாம் பரப்பினார். மருமகளுக்குத் தீட்டு எத்தனை நாள் என்று குருக்கள் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். இன்னொரு குருக்கள் அதை மறுத்தார். மலாய்ச் செய்தித் தளம் ஒன்று தீட்டு என்றால் என்ன என்று விளக்கக் கட்டுரை போட்டது. என் வீட்டுக்கு எதிரே இருக்கும் சீனக் கிழவர்கூட என்னைப் பார்த்து, "அந்தப் பொம்பளை பொய்யா சொல்றா?" என்று கேட்டார். கனகராஜ் அந்த வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். எனக்கு அவர்மேல் லேசான பொறாமைகூட இருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கனகராஜ் தம் வாழ்க்கையில் சரளாவை அண்ணி என்று சொன்னது அந்த வீடியோவில்தான், முதல் முறையாக.

தேவனுக்கு முதலில் கட்டி வைத்தது வீரம்மாவின் சொந்த அண்ணன் மகளை. அந்தப் பெண் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. விவாகரத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குப் பிறகுதான் தேவன் சரளாவோடு லயத்தில் குடித்தனம் நடத்தினார். தாலி கிடையாது, பதிவு கிடையாது. ஷாமினி என்று ஒரு மகள். தன் அண்ணன் மகள் இருந்த இடத்தில் இன்னொருத்தியா என்று வீரம்மாவுக்கு ஆற்றாமை. சாகும் வரை சரளா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அம்மாவின் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத பிள்ளை கனகராஜ். தேவன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். இந்தக் கலவரம் தொடங்கியதும் போனை அணைத்துவிட்டார். அவரைப் பற்றி எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கனகராஜ் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒய்பியின் வழக்கறிஞர் சரளாவைத் திரும்பவும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். குழு ஒப்புக்கொண்டது.

அன்றைக்கு எங்கள் தாமான் குடியிருப்பின் முனையிலிருக்கும் தேநீர்க் கடையில் பெரிய டிவியில் நேரலை போட்டார்கள். கனகராஜை மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார வைத்துத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார் சன்னாசி. நான் பக்கத்து மேசை. வழக்கறிஞர் மலாயில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்கள் மாமியார் இறந்து கருமாதிகூட முடியாத சமயம். உங்கள் வழக்கப்படி மருமகள் கோயிலுக்குப் போகலாமா?"

"மருமக போகக்கூடாதுங்க," என்றார் சரளா.

"அப்படியானால் நீங்கள் போகவில்லை."

"போனேங்க. நான் மருமக இல்ல."

கடையில் சிரித்தார்கள். சன்னாசி கனகராஜின் தொடையில் தட்டினார். கனகராஜ் சிரிக்கவில்லை.

சரளா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அம்மா செத்தன்னிக்கு மகளத் தூக்கிக்கிட்டு நான் போனேங்க. வாய்க்கரிசி போடத்தான். வாசல் கேட்டுலயே நிறுத்திட்டாங்க. 'ஒனக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தம் இல்ல. ஒனக்குத் தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, போ'ன்னு சொன்னாங்க. கால்வாய்ப் பக்கமா நின்னு பாடை போறதப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்து தல முழுகணுமா வேணாமான்னுகூட எனக்குத் தெரியல. யாரக் கேக்கறது? அப்புறம் திருவிழா வந்துச்சு. வெங்காயம் வெட்ட ஆளு பத்தலன்னு கூப்பிட்டாங்க. தீட்டு இல்லன்னு அவங்களே சொல்லிட்டாங்களே, போனேன்."

குழுத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டில் நின்று அப்படிச் சொன்னது யார்?"

"பேரு வேணாங்கய்யா. அன்னிக்கு அவங்களுக்கு அம்மா செத்த துக்கம்."

துக்க வீட்டு வாசலில் நின்று ஒருத்தரைப் போகச் சொல்ல யாருக்கு அதிகாரம் உண்டு? தாய்க்கு இளையவன் கொள்ளி என்பது எங்கள் முறை. அன்று தலையை மழித்துக்கொண்டு நின்ற இளையவர் யார் என்று அந்தக் கடையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. கனகராஜின் காது மடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. அவர் முன்னால் தே ஆறி ஆடை கட்டியிருந்தது. எழுந்து, மோட்டோவைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா என்று என்னைப் பலர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை இல்லை. வாசலில் நடந்ததை அவர் மறக்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. சண்டையில் ஜெயிக்க ஓர் ஆயுதம் தேடினார். கைக்கு அண்ணி என்ற உறவு அகப்பட்டது. இத்தனை காலம் அந்த உறவை எங்கே போட்டு வைத்திருந்தோம் என்று யோசிக்கவில்லை. இதைவிட வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சன்னாசிக்கு இது கொண்டாட்டம். அன்று மாலையே கனகராஜ் வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டுக்குள் பேசினால் எனக்குக் கேட்கும். சுவர் அவ்வளவுதான்.

"மச்சான், அவளே ஒத்துக்கிட்டாள்லா, கட்டிக்காத பொம்பளன்னு. அடுத்த வீடியோ இதுதான். நீ சொன்னாத்தான் எடுபடும்."

"வேணாம்லா."

"அது என்னா வேணாம்? ஆளு பேரே சொல்ல மாட்டேங்கறா. வாசல்ல யாருமே இல்ல, எல்லாம் கட்டுக்கதைன்னு அடிச்சு விடு."

"வேணாம்னு சொல்றேன்ல. போ."

கனகராஜ் செய்யாவிட்டால் என்ன, செய்ய ஆயிரம் பேர் இருந்தார்கள். சாட்சி சொன்னவர் யார் பெண்டாட்டி என்பதே நாட்டின் பெரிய கேள்வியாகிவிட்டது. கனகராஜ் தம் வீடியோவை நீக்கினார். அது நூறு இடங்களில் உயிரோடு இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஷாமினியின் பள்ளிச் சீருடைப் படத்தைத் தேடி எடுத்து, அப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று எழுதிப் போட்டான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது என்று தைப்பிங்கிலிருந்து சேதி வந்தது. கனகராஜின் சொந்த அண்ணன் மகள். ஜாடையில் வீரம்மாவைக் கொண்டிருக்கும் பெண்.

அந்தப் படம் வந்த அன்றைக்குத்தான் கனகராஜ் அழுததைக் கேட்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் தம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே கால்வாயைப் பார்த்தபடி நின்றார். நான் வீட்டுக்கு வெளியே வந்தவன் அப்படியே உள்ளே போய்விட்டேன். ஒரு மனிதர் அந்த நிலையில் இருக்கும்போது எதைக் கேட்பது?

புஷ்பலதா அதிகம் பேசாத பெண். அவர் பேசியதும் சுவர் வழியாகக் கேட்டது.

"அன்னிக்கு நான் ஒங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னேன். அந்தப் புள்ள இடுப்புல ஒரு கொழந்தையோட நின்னுச்சு. எனக்கும் வாய் இருந்துச்சு, நானும் தொறக்கல. இப்ப அந்த வக்கீலு, வாசல்ல ஆளே இல்ல, அவ கத கட்டறான்னு சொல்றான். ஆளு இங்க உக்காந்து சோறு திங்குது. நீங்க போயி சொல்லலன்னா நான் போயி சொல்லுவேன்."

கனகராஜ் போனார். தாமே குழுவின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, அந்த வாசலில் நின்றவன் நான்தான், சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். சேதி கசிந்ததும் நேற்று வரை அவரைத் தலையில் வைத்து ஆடியவர்கள் விலை போய்விட்டார் என்றார்கள். அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களோ, இதுவும் ஒய்பி அனுப்பும் ஆள்தான், நாடகம் என்றார்கள். சரளாவுக்கு நடந்தது அப்படியே அவருக்கும் நடந்தது. அதில் அவருக்குக் கோபம் வரவில்லை. கோபப்படும் உரிமை தமக்கு இல்லை என்று நினைத்தார் போலிருக்கிறது.

விசாரணை நாளன்று என்னைக் கார் ஓட்டச் சொன்னார். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். நிதானமாகத்தான் ஓட்டினேன்.

"அண்ணே," என்றார் வழியில். "ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். எல்லாரும் கேக்கற மாதிரி, அங்க வெச்சு, இவங்க எங்க அண்ணின்னு சொல்லிரப் போறேன். ஷாமினி எங்க வீட்டுப் புள்ளன்னு சொல்லிரப் போறேன். அப்புறம் எவன் என்ன எழுதறான்னு பாப்போம்."

"நல்ல முடிவுலா," என்றேன். இரண்டு பேரும் எவ்வளவு பெரிய மடையர்கள் என்று அப்போது தெரியவில்லை.

மண்டபத்தில் சரளா இரண்டாவது வரிசையில், அதே கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். ஷாமினி வரவில்லை. கனகராஜ் கூண்டில் ஏறி, அன்று சரளாவைத் துரத்தியவன் நான்தான், அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நன்றாகவே சொன்னார். பிறகு ஒய்பியின் வழக்கறிஞர் எழுந்தார். கோபமே இல்லாத, இனிமையான மனிதர்.

"உங்கள் வீடியோவில் இவரை அண்ணி என்று சொல்லியிருக்கிறீர்கள். அண்ணி என்றால் இவருக்குத் தீட்டு உண்டு. தீட்டு உண்டென்றால் கோயிலுக்குப் போயிருக்க மாட்டார், சாட்சி பொய். இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள்? இவர் உங்களுக்கு அண்ணியா? ஆமாம் அல்லது இல்லை, ஒரே வார்த்தை."

கனகராஜின் வாய் திறந்தது. காரில் வரும்போது பழகிக்கொண்டு வந்த சொல் அதில் நின்றது. ஆமாம் என்றால் அவர் மனம் ஆறும், ஷாமினிக்கு ஒரு பெயர் கிடைக்கும், ஆனால் சரளாவின் சாட்சி அதோடு தீர்ந்தது, லயத்து சனங்களின் நிலமும் தீர்ந்தது. அவர் நிமிர்ந்து சரளாவைப் பார்த்தார். பின்னால் இருந்ததால் சரளாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. தலை மட்டும் லேசாக இடமும் வலமும் அசைந்தது.

"இல்ல," என்றார் கனகராஜ்.

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"இல்லங்க. அண்ணி இல்ல. எங்க குடும்பத்துக்கும் அவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார். சரளாவின் சாட்சி நின்றது. அதே சொல்லை இரண்டாம் தடவையாக, இந்த முறை உலகமே பார்க்கச் சொல்லிவிட்டு, கனகராஜ் கூண்டின் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்.

வெளித் தாழ்வாரத்தில் லிஃப்டுக்காகச் சரளா தனியாக நின்றுகொண்டிருந்தார். மாடிப்படிப் பக்கம் கேமராக்காரர்களும், போனைத் தூக்கிப் பிடித்த இரண்டு கட்சிக்காரர்களும் காத்திருந்தார்கள். கனகராஜ் நேரே அவரிடம் போனார். கை கூப்பினார்.

"அண்ணி," என்றார்.

சரளா சட்டென்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அப்படிக் கூப்டாதீங்க தம்பி," என்றார் தணிந்த குரலில். "எவனாச்சும் புடிச்சுப் போட்டா நான் சொன்னது பூராவும் பொய்யாயிரும். லயத்து சனத்துக்கு நெலம் கைக்கு வர்ற வரைக்கும் நான் ஒங்களுக்கு யாரும் இல்ல. தள்ளி நில்லுங்க."

கனகராஜ் தள்ளி நின்றார். லிஃப்ட் வந்தது. சரளா ஏறிக்கொண்டார். உள்ளே நிறைய இடம் இருந்தது. நாங்கள் அடுத்ததற்குக் காத்திருந்தோம்.